ஒழுங்கையின் மைந்தன்

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் வாடகை வீட்டில் இருந்த கஜீவனுக்குத் தை வந்தது, பொங்கல் வந்தது, வடையும் வந்தது. வழியை மட்டும் காணவில்லை. ஆகவே அதைத் தானே வெட்டிக்கொள்வது என்று முடிவு கட்டினான். கொள்ளுப்பிட்டிக் கந்தோருக்குப் போனான். இராசினாமாக் கடிதத்தை வைத்தான். வந்துவிட்டான்.

அது ஒரு விளம்பரக் கந்தோர். பன்னிரண்டு வருஷமாக அங்கே இருந்து அவன் கீறாத சாமான் இல்லை. சோயாமீற் பைக்கற்றில் சிரிக்கிற பெண்பிள்ளை அவன் கீறினது. பெயின்ற் வாளியில் குந்தியிருக்கிற கிளி அவன் கீறினது. நுளம்புத்திரிப் பெட்டியில் புகைபட்டு மல்லாக்க விழுந்து சாகிற நுளம்பும் அவன் கீறினதுதான். அந்த நுளம்பின் முகத்து வேதனையைப் பார்த்து மனேச்சரே கண்கலங்கி, “எங்கயிருந்து ஐசே உமக்கு இவ்வளவு வேதனை வருது?” என்று கேட்டார். கஜீவன் சம்பளத் துண்டை மடித்துப் பொக்கற்றுக்குள் வைத்தபடி, “தெரியாது சேர்” என்றான். அந்தத் துண்டில் அவன் பெயர் கஜேந்திரன் என்று இருந்தது. திருத்தச் சொல்லிக் கேட்டால், அடுத்த மாசம் என்பார்கள். அந்த அடுத்த மாசம் வரவேயில்லை.

கொழும்பெல்லாம் அவன் கீறின படம். ஒரு மூலையில், எறும்பளவு எழுத்தில், கஜீவன் என்று? மூச். கோயில் கட்டின கொத்தனாருக்காவது கும்பாபிஷேகத்தன்று ஒரு சால்வை கிடைக்கும்.

“இனி நான் கீறினால் என்ர பேர். என்ர முகம். ஆனைக்கும் பூனைக்கும் கீறின காலம் முடிஞ்சுது” என்று, கொள்ளுப்பிட்டியில் பஸ் ஏறி வெள்ளவத்தையில் இறங்கும் மட்டும் அவன் மனசுக்குள் சூளுரைத்தான். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது சூளுரை கொஞ்சம் மெலிந்திருந்தது. ஏனென்றால் உள்ளே மேனுகா இருந்தாள்.

மேனுகா கணித ரீச்சர். முன்னறையில் கரும்பலகை போட்டுச் சாதாரணதரப் பிள்ளைகளுக்கு ரியூசன் கொடுக்கிறவள். ஒழுங்கையில் அவளை எல்லாருக்கும் தெரியும். கஜீவனை, ரீச்சரின் மனிசன் என்ற அளவில் தெரியும்.

“என்னப்பா, வேளைக்கு வந்திட்டியள்? கந்தோர் எரிஞ்சு போச்சோ?”

“விட்டிட்டன்.”

“எதை? குடையையோ?”

“வேலையை.”

மேனுகா கரும்பலகை அழிக்கிற துணியை மெல்ல உதறினாள். “குடையெண்டால் திரும்பிப் போய் எடுத்துக்கொண்டு வரலாம்” என்றாள்.

“நான் சொந்தமா ரீசேட் அடிக்கப் போறன், மேனு. பொடியள் இப்ப தெருவில போட்டுக்கொண்டு திரியிறாங்களே, அந்தப் பாணி. தோள் இறங்கி, கை முழங்கை மட்டும் வந்து, நெஞ்சில பெரிசா ஒரு படம்.”

“ஓம், என்ர வகுப்புக்கும் வாறாங்கள். தகப்பன்ர சேட்டைப் போட்டுக்கொண்டு வாறாங்கள், வீட்டில சரியான கஷ்டம் போல எண்டு நினைச்சு, ரெண்டு பேருக்குக் காசும் வேண்டாமெண்டு விட்டிட்டன்.”

“அது பாஷனப்பா!”

“அப்ப இந்த மாசத்தில இருந்து அவங்களிட்ட வாங்க வேணும். சரி, உங்கட ரீசேட்டுக்கு என்ன பேர்?”

கஜீவன் நெஞ்சை நிமிர்த்தினான். “ஒழுங்கை.”

“ஆ?”

“தெருப் பாணி உடுப்பு. எங்கட தெரு எது? ஒழுங்கை. தமிழாயும் இருக்கு, ஸ்டைலாயும் இருக்கு.”

“ஒழுங்கா இருந்த வேலையை விட்டிட்டு ஒழுங்கைக்கு வந்திட்டியள். பொருத்தம் நல்லாத்தான் கிடக்கு” என்றாள் மேனுகா. பிறகு குரலைத் தாழ்த்தி, “விடேக்க என்னை ஒரு வார்த்தை கேட்டனீங்களோ?” என்றாள்.

கஜீவன் அந்தக் கேள்வி தன் காதில் விழாத மாதிரிக் காதைச் சொறிந்தான். அவன் கேட்காததற்குக் காரணம் இருந்தது. மேனுகாவின் வாய்க்கு ஒரு சரித்திரம் உண்டு. தங்களுடைய கலியாண அழைப்புக் காட்டை அவனே கீறினான். வெள்ளை மட்டை, நடுவில் நீளமாக ஒரே ஒரு கோடு. இரண்டு வாழ்வு ஒரு கோடாவது என்று தத்துவம். அப்போது கலியாணப் பொம்பிளையாக இருந்த மேனுகா அதைப் பார்த்துவிட்டு, “இது ஈ.சி.ஜி. துண்டோ? ஆள் முடிஞ்சுது போல கிடக்கே” என்று கேட்டாள். ஒரே ஒரு வசனம். அன்றைக்கே பிள்ளையாரும் தங்கப் பூவும் போட்ட சிவப்புக் காட் அச்சுக்குப் போனது. அதற்குப் பிறகும் அவன் ஆசையாய்க் கீறிக் காட்டுகிற ஒவ்வொன்றையும் அவள் ஒரு வசனத்தில் முடித்துவிடுவாள். கோழிக்குக் கழுத்துத் திருகுகிற மாதிரி, சத்தமில்லாமல்.

ஆகவே கஜீவன் ஒரு தந்திரம் வைத்திருந்தான். பஸ்ஸிலேயே யோசித்தது.

“இஞ்சாரும். ஒரு உடன்படிக்கை. இந்த ரீசேட்டின்ர லோகோ விஷயத்தில நீர் வாய் திறக்கப்படாது. கூடாது எண்டும் சொல்லப்படாது, நல்லது எண்டும் சொல்லப்படாது. கதிர்காமக் கந்தன்மேல சத்தியம் பண்ண வேணும்.”

அவள் சண்டைக்கு வருவாள் என்று அவன் மூன்று பதில் தயார் செய்து வைத்திருந்தான். ஒன்றும் தேவைப்படவில்லை.

“ஓம்” என்றாள் மேனுகா.

“ஓமோ?”

“ஓம். லோகோ, நிறம், எழுத்து, படம் எல்லாம் உங்கட. நான் மூச்சு விடமாட்டன். அப்ப மிச்சம் என்ர.”

“மிச்சம் என்ன கிடக்கு?”

“ஆரோட கதைக்கிறது, ஆருக்கு விக்கிறது, என்னத்துக்கு விக்கிறது. அதில நீங்கள் வாய் திறக்கப்படாது. நீங்களும் கந்தன்மேல சத்தியம் பண்ணுங்கோ. கதிர்காமத்தான்ர சத்தியத்தை மீறினால் கண் தெரியாமல் போகுமெண்டு சொல்லுவினம். கீறுற ஆளுக்குக் கண் முக்கியம்.”

கலை எனக்கு, கடை அவளுக்கு என்று கஜீவன் உள்ளுக்குள் துள்ளினான். கையில் அடித்துச் சத்தியம் செய்தான். கடல் திடீரென்று உள்ளே வாங்கினால், அறிவுள்ளவன் மேட்டுக்கு ஓடுவான். அறிவில்லாதவன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மீன் பொறுக்க இறங்குவான். கஜீவன் சாரத்தை மடித்துக் கட்டினான்.

அடுத்த நாளே முன்னறை ஸ்டூடியோ ஆனது. கரும்பலகை பின்னால் குசினிக்குப் போனது. பிள்ளைகள் தேங்காய் துருவுகிற சத்தத்துக்கு நடுவில் பைதகரஸ் படித்தார்கள். செங்கோண முக்கோணத்தை இப்போதும் சூடைமீன் பொரியல் வாசத்தோடுதான் அவர்களுக்கு ஞாபகம் வருமாம்.

கஜீவன் கதவைச் சாத்திக்கொண்டு கீறினான். முதலில் காகம் கீறினான்; கொழும்பில் காகம் எல்லாருக்கும் பொது. கடல் அலை கீறினான். பற்பசை மாதிரி வந்தது. தண்டவாளம் கீறினான், ஏணி மாதிரி வந்தது. மாசி முழுக்க இப்படிப் போனது. கடைசியில் ஒரு நாள் முகம் கழுவிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தான். பன்னிரண்டு வருஷம் ஆர் ஆருடைய முகத்தையோ கீறினவன், தன் முகத்தைக் கீறினதேயில்லை!

அன்று பிறந்தது சின்னம். நல்ல கறுப்பு நிறம். கறுப்பென்றால்தான் தெருவுக்குக் கம்பீரம். நடுவில் முட்டை வடிவத்தில் ஒரு வட்டம். அதற்குள் கோட்டோவியமாகக் கஜீவனின் முகம், தாடியோடு. கண் பாதி மூடி, உலகத்தைப் பொருட்படுத்தாத பார்வை. இரண்டு பக்கமும் இரண்டு தெருவிளக்கு. விளக்கை அழகுக்காகச் சுருக்கிச் சுருக்கி, அடி அகன்று நுனியில் ஒரு சுடர் மட்டும் மிஞ்சியிருந்தது. முகத்துக்குக் கீழே ‘கஜீவன்’. அதற்குக் கீழே 1988 என்று அவன் பிறந்த வருஷமும், பக்கத்தில் ஒரு சின்னக் கோடும். கோட்டுக்குப் பிறகு ஒன்றும் இல்லை. முடிவில்லாத பயணம் என்று பொருள்.

அறிமுக விழாவுக்கு ஒரு போஸ்ரரும் செய்தான். அதே முகம், அதே விளக்கு. மேலே பெரிதாக ‘ஒழுங்கையின் மைந்தன்’. கீழே, வெள்ளி மாலை நாலு மணி, வீட்டு இலக்கம். அவ்வளவுதான். என்ன ஏது என்று ஒரு விளக்கமும் இல்லை. ‘வருக’ என்றுகூடப் போடவில்லை. வருக வருக என்று கெஞ்சுவது சேலைக்கடைக்காரர் வேலை. தெருப் பாணிக்காரன் நேரத்தைச் சொல்வான், வாறவன் வருவான்.

கலியாணத்துக்குச் சொன்னால் போ, செத்த வீட்டுக்குச் சொல்லாமலே போ என்பது எங்கடை ஆட்களின் முறை. வெள்ளவத்தைச் சுவரில் ‘வருக’ என்ற சொல் இல்லாமல், கறுப்பு வெள்ளையில், முட்டை வட்டத்துக்குள் ஒரு முகமும் நேரமும் ஒட்டியிருந்தால் சனம் என்ன செய்யும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. கஜீவனுக்கு மட்டும் ஆராவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லக்கூடியவள் கந்தன்மேல் சத்தியம் செய்திருந்தாள்.

“எப்பிடி?” என்று பழக்கதோஷத்தில் அவளிடம் காட்டினான்.

மேனுகா பார்த்தாள். நெற்றி சுருங்கியது. கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். “இஞ்சாருங்கோ, இந்த விளக்கு…”

“உஷ்! கதிர்காமம்!”

“இல்லையப்பா, சனம் இதைப் பாத்தா…”

“கந்தன்!”

“ஒரு வசனம் மட்டும்.”

“கண் போகும், மேனு. உமக்குத்தான் போகும்.”

மேனுகா அகப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சற்று நேரத்தில் குசினியிலிருந்து அவள் போனில் கதைப்பது கேட்டது. “அண்ணை, வெள்ளிக்கிழமைக்குப் பிளாஸ்ரிக் கதிரை வேணும். ஓம், கொஞ்சம் கூடவே போடுங்கோ. தேத்தண்ணிப் பிளாஸ்க்கும் பெரிசா ரெண்டு.”

கஜீவனுக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன இருந்தாலும் என்ர மனிசி, என்று நினைத்தான்.

போஸ்ரரைப் பாமன்கடையில் புவாத் நானாவின் அச்சுக்கூடத்துக்குக் கொண்டுபோனான். புவாத் நானா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. ஏதோ துஆவை வாய்க்குள் ஓதிக்கொண்டார்.

“ஆளுக்கு எத்தின வயசு தம்பி?”

“முப்பத்தேழு.”

“சின்ன வயசு.”

“இந்த வயசிலதான் நானா செய்ய வேணும். வயது போனால் துணிவு வராது.”

புவாத் நானா அவனை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து தோளில் கையை வைத்தார். “நீங்க ஊட்டுக்குப் போங்க. இதுக்கெல்லாம் நான் வெல பேசுறல்ல. ஒட்டுறதுக்கும் நம்மட ஆக்களே போவாங்க. எங்கெங்க ஒட்டணும் எண்டு அவங்களுக்குத் தெரியும்.”

கலையை மதிக்கிற ஒரு மனிசன் கொழும்பில் இருக்கிறார் என்று கஜீவன் நெஞ்சு நிறைந்து திரும்பினான்.

புவாத் நானாவின் ஆட்களுக்கு உண்மையாகவே தெரிந்திருந்தது. வியாழன் ராத்திரியோடு ராத்திரியாக, ஒழுங்கை வாசலில் ஒன்று, சந்தை மதிலில் ஒன்று, கோயிலுக்குப் போகிற வழியில் ஒன்று. வழக்கமாக எங்கே ஒட்டுவார்களோ அங்கே.

வெள்ளிக்கிழமை காலமையே கஜீவன் களனிக்குப் போய்விட்டான். அங்கே ஒரு தையல் வீட்டில் ரீசேட் தயாராக இருந்தது. கடைசித் தையல் போட்டு, கடைசி நூல் வெட்டி முடிய மத்தியானம் திரும்பிவிட்டது. போனிலும் சார்ஜ் செத்துப் போனது. ரீசேட் எல்லாவற்றையும் நீள உரைப்பை ஒன்றில் கட்டி, ஓட்டோவில் தன் மடியில் குறுக்காகப் போட்டுக்கொண்டு, தன்னுடைய ரீசேட் ஒன்றை மாட்டி, தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டு, நாலு மணிக்குச் சரியாக ஒழுங்கை வாசலுக்கு வந்து சேர்ந்தான்.

ஒழுங்கை முழுக்க வெள்ளைக் கொடி. சந்தியில் ஓட்டோ நிறுத்துகிற பொடியள் கயிறு இழுத்துக் கட்டியிருந்தார்கள்.

“கவுத மெருணே, மல்லி?” என்று ஓட்டோக்காரன் கேட்டான். ஆர் செத்தது என்று.

“தன்னே நே, அய்யே” என்றான் கஜீவன். தெரியாது. ஒரு வருஷத்தில் எத்தனை நாள் இருக்கிறது! என்ர விழா நாளிலதானோ இந்த ஒழுங்கையில் ஒருத்தன் சாக வேணும்? கொஞ்சமும் பொறுப்பில்லாத சனம்.

இறங்கினான். பார்த்தால், சனம் அவன் வீட்டு வாசலிலேயே நின்றது. முற்றம் நிறையக் கதிரை. கதிரை நிறைய ஆட்கள். வெள்ளை உடுப்பு, கறுப்புக் கரை. ‘அட, பாணி பிடிபட்டிட்டுது!’ என்று ஒரு கணம் நினைத்தான். வாசலில் நின்ற ஒரு கிழவர் அவனை ஆரென்று தெரியாமல் விலகி இடம் விட்டார்.

“ஆர் ஐயா மோசம் போனது?” என்று கஜீவன் கேட்டான்.

“இந்த வீட்டுப் பொடியன்தான் தம்பி. ரீச்சரின்ர மனிசன்.”

கஜீவன் தொப்பியை நெற்றிக்கு இழுத்துவிட்டான்.

“நல்ல பொடியனாம். ஒருத்தரோடயும் சண்டைக்குப் போகான்” என்றார் கிழவர்.

“சண்டைக்குப் போறதுக்குத் தைரியமெண்டு ஒண்டு வேணுமே” என்றார் பக்கத்துக் கதிரைக்காரர். “என்ன வேலை பாத்தவர்?”

“ஏதோ கீறுறவராம்.”

“ஏதோ?”

“ஏதோதான். அதையும் விட்டிட்டாராம்.”

“அதுதான் காரியம். எங்கட ஆக்களுக்குச் சம்பளம் நிண்டால் மூச்சும் நிண்டிடும். ரீச்சர் பாவம். எண்டாலும் ஒரு மாதிரிச் சமாளிப்பா. இவ்வளவு நாளும் அவதானே சமாளிச்சவ. ஒரு ஆளின்ர சாப்பாடு மிச்சம்.”

மனிசன் செத்தால் பொய்யாவது சொல்வார்கள் என்பார்கள். கஜீவனுக்கு அந்தப் பொய்யும் கிடைக்கவில்லை.

முற்றத்து மூலையில் ஒரு மலர்வளையம் சாய்த்து வைத்திருந்தது. கொள்ளுப்பிட்டிக் கந்தோர் அனுப்பினது. ஊதா நாடாவில் தங்க எழுத்து: ‘எங்கள் அன்புக்குரிய கலைஞன் கஜீவனுக்கு.’ கஜீவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பன்னிரண்டு வருஷத்தில் அந்தக் கந்தோர் அவன் பெயரை எழுதின முதல் சாமான். எழுத்துப் பிழைகூட இல்லை.

அவனை அறியாமல் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தான். அங்கேதான் காரியம் கெட்டது. வாசற்படியில் இருந்து ஒப்பாரிக்குத் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு நாகேஸ்வரி மாமி நிமிர்ந்து பார்த்தா. மாமியின் வாயிலிருந்து வந்த சத்தத்துக்கு, ஒழுங்கைக் காகம் எல்லாம் கடல் பக்கம் பறந்தது.

“ஐயோ முருகா! எழும்பி நடந்து வருதடி!”

“மாமி, நான் சாகேல்லை! இது ரீசேட்! லோகோ!”

பயம் தெளிய ஒரு நிமிஷம் பிடித்தது. தெளிந்த பிறகு சனத்துக்குச் சந்தோசம் வரும் என்று கஜீவன் எதிர்பார்த்தான். வந்தது கோபம்.

“அரை நாள் லீவு போட்டிட்டு வந்தனான் தம்பி. இனி நான் கந்தோரில என்னெண்டு சொல்லுறது? ஆள் சாகேல்லை எண்டோ?” என்று கதிரைக்காரர் பாய்ந்தார்.

“செத்த வீடெண்டு ஒருவேளையும் சாப்பிடாமல் நிக்கிறன்” என்றா நாகேஸ்வரி மாமி. “செத்த வருஷத்தைப் போடவும் நேரமில்லாத அந்தரத்தில அடிச்சிருக்கினம் எண்டு நினைச்சு, ராத்திரி முழுக்க அழுதனான். அந்தக் கண்ணீரை ஆர் திருப்பித் தாறது?”

“மாமி, அந்தக் கோடு முடிவில்லாத பயணம்…”

“உன்ர பயணத்தில இடி விழ!”

எல்லாரும் தேத்தண்ணியைக் குடித்து, மாரி பிஸ்கற்றைக் கடித்து, முறைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த நேரம் முழுவதும் மேனுகா நெற்றியில் பொட்டோடு, கையில் தட்டத்தோடு, எல்லாரையும் வழியனுப்பிக்கொண்டு நின்றாள். கடைசி ஆளும் படலையைத் தாண்டின பிறகுதான் கஜீவன் வெடித்தான்.

“மேனு! நான் உயிரோட இருக்கிறன் எண்டு சொல்ல உமக்கு வாயில்லையோ?”

“சொன்னனான். வந்த ஒவ்வொருத்தருக்கும் சொன்னனான். களனிக்குப் போயிட்டார், நாலு மணிக்கு வருவார் எண்டு.”

“அதுக்கு?”

“உடம்பு களனியில இருந்து வருதாமெண்டு விளங்கிக்கொண்டினம்.”

“அந்தப் போஸ்ரர் ரீசேட் விளம்பரம் எண்டு ஒரு சொல்!”

“அது லோகோவைப் பற்றிக் கதைச்சது ஆகுமெல்லே” என்றாள் மேனுகா. “எனக்குக் கண் வேணும். நாளைக்குத் திரிகோணகணிதம் படிப்பிக்கிறன்.”

“பொட்டோட நிண்டிருக்கிறீர். அதையாவது சனம் யோசிக்கேல்லையோ?”

“அதிர்ச்சியில அழிக்க மறந்திட்டன் எண்டு நாகேஸ்வரி மாமி எல்லாருக்கும் விளங்கப்படுத்தினவ.”

கஜீவன் உரைப்பையின் மேல் பொத்தென்று இருந்தான். உள்ளே இருந்த ரீசேட் ஒவ்வொன்றிலும் அவன் முகம், பாதிக் கண் மூடி. இனி வெள்ளவத்தையில் அதை ஆர் உடுத்துவார்கள்? சீவனோடு இருக்கிறவனின் கண்ணீர் அஞ்சலியை மாட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போக எவனுக்கு விசர்?

“முடிஞ்சுது” என்றான்.

“எது முடிஞ்சுது? இப்பதானே தொடங்கியிருக்கு” என்றாள் மேனுகா. “போகேக்க அஞ்சாறு பேர் என்னை இழுத்து வைச்சுக் கேட்டவை. நோட்டீஸ் அச்சொட்டா வந்திருக்கு ரீச்சர், முகத்தில என்ன ஒரு சாந்தம், ஆர் செய்தது எண்டு. தபாலதிபரா இருந்தவருக்கு அடுத்த மாசம் ஆண்டுத் திவசம் வருது. கிரிக்கெட் கழகத்துப் பொடியள் தங்கட தலைவருக்கு ஞாபகார்த்தச் சுற்றுப்போட்டி வைக்கிறாங்கள். எல்லாருக்கும் ரீசேட் வேணுமாம். இதே கறுப்பு, இதே முட்டை, இதே விளக்கு. முகத்தை மட்டும் மாத்தட்டாம்.”

“மேனு, இது என்ர சின்னம். செத்த ஆக்களுக்கு விக்கிற சாமான் இல்லை. நான் விடமாட்டன்.”

மேனுகா தட்டத்தை மெதுவாகக் கீழே வைத்தாள்.

“ஆருக்கு விக்கிறது?” என்று கேட்டாள்.

கஜீவன் உரைப்பையின் கட்டை இறுக்கினான்.

“என்னத்துக்கு விக்கிறது?”

கதிர்காமத்தான் பெரியவன். கஜீவனின் கண் இரண்டும் ஒரு முறை துடித்தன.

முட்டைக்குள் இருந்த தன் முகத்தைக் கஜீவன் தன் கையாலேயே அழித்தான். அந்த இடத்தில் தபாலதிபர் வந்து இருந்தார். பிறகு கழகத் தலைவர். பிறகு ஆர் ஆரோ. யாவாரம் காட்டுத்தீ போலப் பிடித்தது. எங்கடை சனம் உயிரோடு இருக்கிறவனுக்கு ஒரு ரீசேட் வாங்க யோசிக்கும். செத்தவனுக்கென்றால் குடும்பத்துக்கே வாங்கும். முன்னறை திரும்பவும் மேனுகாவின் அறை ஆனது. ஒரு பக்கம் கரும்பலகை, ஒரு பக்கம் மேசை, மேசையில் விடாமல் அடிக்கிற போன். கஜீவனின் கொம்பியூட்டர் குசினிக்குப் பக்கத்தில், தேங்காய் துருவுகிற இடத்துக்குப் போனது.

ஒரு முறை, ஒரே ஒரு முறை, அவன் கேட்டுப் பார்த்தான். “மேனு, அடியில ஒரு மூலையில, சின்னனா என்ர பேரைப் போடட்டோ? எறும்பளவு?”

“விசரே உங்களுக்கு? செத்த ஆளின்ர படத்துக்குக் கீழ உங்கட பேரைப் போட்டால், திரும்பவும் சனம் கதிரை தேடிக்கொண்டு வரும்.”

அதிலும் நியாயம் இருந்தது. அவள் சொல்கிற எதிலும் எப்போதும் நியாயம் இருந்தது. அதுதான் அவனுக்குத் தாங்க முடியாமல் கிடந்தது.

களனியில் தைத்த ரீசேட் மட்டும் மிஞ்சியது. அதைக் கஜீவனே போட்டான். வேறு ஆர் போடுவார்கள்? கிழமையில் ஏழு நாளும் தன்னுடைய முகத்தையே நெஞ்சில் சுமந்துகொண்டு, ஆட்களின் வீடுகளுக்கு ஓடர் கொண்டுபோய்க் கொடுத்தான். ஆரோடு கதைக்கிறது என்பது மேனுகாவின் பங்கு; ஆகவே போனில் அவள் கதைப்பாள். சுமக்கிறதைப் பற்றி உடன்படிக்கையில் ஒன்றும் இல்லை. ஆகவே அவன் சுமந்தான்.

ஆவணியில் ஒரு நாள் கொட்டாஞ்சேனைக்கு ஒரு பொதி போனது. பிறிஜெற் அக்கா என்ற ஒரு மனுசிக்கு; தகப்பனாரின் முப்பத்தோராம் நாள் பூசைக்கு. தெருவிளக்கு இருந்த இடத்தில் மெழுகுதிரி வைத்துக் கேட்டிருந்தார்கள். கஜீவன் நல்லாக மினக்கெட்டுக் கீறியிருந்தான். கிழவரின் கண்ணில் ஒரு சிரிப்பு விழுந்திருந்தது. அது தானாக வந்த சிரிப்பு அல்ல. மூன்று நாள் அழித்து அழித்துப் பிடித்தது.

பிறிஜெற் அக்கா பொதியை வாசலிலேயே பிரித்தாள். ஒன்றை எடுத்து விரித்தாள். விரித்தபடியே கதிரையில் இருந்துவிட்டாள். அப்பாவின் முகத்தை விரலால் தடவினாள். பிறகு அழுதாள்.

கஜீவன் வாசலில் நின்றான். அவனுடைய கோடு ஒன்றைப் பார்த்து ஒரு மனுசி நெஞ்சுருகி அழுகிறாள். பன்னிரண்டு வருஷத்திலும் அதற்குப் பிறகும் இப்படி ஒன்று நடந்ததில்லை. இதை யார் கீறினது என்று இப்போது கேட்பாள். கேட்டால் சொல்ல வேண்டும். கதிர்காமம் கண்ணை எடுத்தாலும் பரவாயில்லை, இந்த ஒரு இடத்தில் மட்டும் சொல்லிவிட வேண்டும். நான்தான் அக்கா, கஜீவன்.

பிறிஜெற் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். அவன் நெஞ்சைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள்.

“இவர்தானே ரீச்சரின்ர மனிசன்?”

கஜீவன் ஒரு அடி முன்னுக்கு வந்தான். “ஓம் அக்கா.”

“ரீச்சர் போனில சொன்னவ. ‘யோசிக்காதேங்கோ அக்கா, நான் வடிவா செய்து தாறன், எனக்கும் அந்த வலி தெரியும், அவரின்ர படத்தில இருந்துதான் எல்லாம் தொடங்கினது’ எண்டு. கேட்டு நானும் அழுதிட்டன். அந்தப் படத்தைத்தானே நெஞ்சில போட்டுக்கொண்டு திரியிறீர். நீர் தம்பியாரோ? அச்சு அவரின்ர சாயல்.”

பொதியில் இருந்த மீதி ரீசேட்டை அவளுடைய சொந்தக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தார்கள். கஜீவன் அவர்களைப் பார்த்தான்.

“ஓம் அக்கா” என்றான். “தம்பி.”

பிறிஜெற் அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். “ரீச்சர் சின்னப் பிள்ளை, தனியக் கிடந்து மாயப்படாது. எங்கட சொந்தத்தில தாரமிழந்த ஒரு பொடியன் இருக்கிறான், பாங்கில நிரந்தர வேலை. நீர்தான் தம்பி எப்பிடியாவது கதைச்சு அவவைச் சம்மதிக்க வைக்க வேணும்.”